‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’: பி-மதிப்பின் பொருள்கோளும் தமிழ்க் கள ஆய்வுகளும் – திருத்தணி எல்லைப்பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழிக் கள ஆய்வுகளில், குறிப்பாகக் கல்வியியல், சமூக மொழியியல் துறை ஆய்வேடுகளில், ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்னும் இரு தொடர்கள் ஆய்வு முடிவின் இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளன. இத்தொடர்களுக்கு அடிப்படையாக அமையும் பி-மதிப்பு எந்த வினாவுக்கு விடை தருகிறது, எவ்வினாக்களுக்குத் தருவதில்லை என்பதைத் திருத்தணி எல்லைப்பகுதியின் இருமொழிச் சூழலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இன்மைக் கருதுகோள் மறுக்கப்படாமையை அதன் மெய்ம்மையாகக் கொள்வது, மாதிரி அளவின் விளைவை வேறுபாட்டின் விளைவாகக் கொள்வது, வகுப்பறைக் கொத்துகளைத் தனித்தனி மாணவராகக் கொள்வது, முழுக் கணக்கெடுப்பை மாதிரியாகக் கொள்வது ஆகிய நான்கு பிழைகள் எடுத்துக்காட்டுக் கணக்குகளின் வழி விளக்கப்படுகின்றன. இப்பிழைகளுக்குத் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும் ஒரு காரணம் என்பது கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பி-மதிப்பு, இன்மைக் கருதுகோள், நம்பிக்கை இடைவெளி, திருத்தணி, இருமொழியம், ஆய்வு நெறிமுறை.

முன்னுரை

திருத்தணி மலைப்படிகளில் ஏறும் அடியவரின் பேச்சில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்து ஒலிக்கும். வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுவோர் இவ்வட்டாரத்தில் புதியவர் அல்லர். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழ்நிலத்தின் வட எல்லையாகக் கூறுகிறது. அவ்வெல்லை இக்கால மாநில எல்லையாக எங்கு வரையப்பட வேண்டும் என்ற வழக்கில் திருத்தணி நடுநாயகமாக நின்றது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அதன்பாற் சென்றது. ம. பொ. சிவஞானத்தின் தலைமையில் தமிழரசுக் கழகமும், மங்கலங்கிழார் போன்ற அப்பகுதித் தமிழாசிரியர்களும் நடத்திய போராட்டமும், எச். வி. படாஸ்கரின் பரிந்துரையும், 1959ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியைச் சென்னை மாநிலத்துடன் இணைத்தன.

எல்லை வரைந்த பின்னும் இருமொழி மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அவர்தம் பிள்ளைகள் இன்று தமிழ்வழிப் பள்ளிகளில் பயில்கின்றனர். 2006ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006–07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிச் சென்றது. அது பத்தாம் வகுப்பை எட்டிய காலத்தில் மொழிச் சிறுபான்மை மாணவர்க்கு விலக்கு வேண்டி நீதிமன்றங்களில் வழக்குகள் எழுந்தன. ஆகவே, ‘வீட்டில் தெலுங்கு பேசும் மாணவருக்கும் தமிழ் பேசும் மாணவருக்கும் இடையே தமிழெழுத்துத் திறனில் வேறுபாடு உண்டா?’ என்று ஓர் ஆய்வாளர் கேட்பாராயின் அது ஏட்டோடு நிற்கும் வினா அன்று. கூடுதல் பயிற்சி யாருக்கு வேண்டும், எந்த வகுப்பில் வேண்டும் என்ற முடிவுகள் அதன் விடையைச் சார்ந்துள்ளன.

இத்தகைய வினாக்களுக்கு நம் ஆய்வேடுகள் விடையளிக்கும் முறை பழகிப்போன ஒன்று. டி-சோதனை செய்யப்படும், பி-மதிப்பு 0.05 என்னும் எல்லைக்கு மேலோ கீழோ என்று பார்க்கப்படும், மேலெனின் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, எனவே இன்மைக் கருதுகோள் ஏற்கப்படுகிறது’ என்றும், கீழெனின் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது, எனவே இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது’ என்றும் எழுதப்படும். பின்வரும் பக்கங்களில் அட்டவணை மாறும், தொடர் மாறாது. இவ்வாய்பாட்டின் முதற்கூற்று தருக்க முறையில் தவறானது, இரண்டாம் கூற்று பெரும்பாலும் வெறுமையானது என்பதே இக்கட்டுரை நிறுவ முனைவது.

1. பி-மதிப்பு விடையளிக்கும் வினா

ஆர். ஏ. ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் ஒரு தேநீர்ச் சோதனையை விவரிக்கிறார். பாலை முதலில் ஊற்றிய தேநீரையும் பின்னர் ஊற்றிய தேநீரையும் சுவையால் பிரித்தறிய முடியும் என்கிறார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பைகள், நான்கு ஒரு வகை, நான்கு மறுவகை. அவருக்குப் பிரித்தறியும் ஆற்றல் சிறிதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், நான்கு கோப்பைகளைத் தேர்வதற்குரிய 70 வழிகளுள் ஒன்றுதான் முற்றிலும் சரியானது. ஆகவே வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 1/70, அதாவது ஏறத்தாழ 0.014. இதுவே அச்சோதனையில் முழு வெற்றிக்குரிய பி-மதிப்பு.

இங்கு ‘ஆற்றல் இல்லை என்று வைத்துக்கொண்டால்’ என்னும் நிபந்தனை முதலில் வருகிறது. நிகழ்தகவு அதன்பின் கணிக்கப்படுகிறது. எனவே 0.014 என்பது அப்பெண்மணிக்கு ஆற்றல் இல்லாதிருப்பதற்கான நிகழ்தகவு அன்று. ஆற்றல் இல்லாதவர் ஒருவர் இத்தகைய முடிவைப் பெறுவதற்கான நிகழ்தகவு. பொதுவாகச் சொன்னால், இன்மைக் கருதுகோளும் கணிப்பின் பிற எடுகோள்கள் அனைத்தும் மெய்யெனக் கொண்டால், கிடைத்த தரவோ அதனினும் மிகையாக விலகிய தரவோ தோன்றும் நிகழ்தகவே பி-மதிப்பு. தரவுக்கும் அவ்வெடுகோள்களுக்கும் உள்ள பொருத்தமின்மையை அது அளக்கிறது.

நிபந்தனையைத் தலைகீழாக்கிப் படிப்பதால் நேரும் பிழை சிறிதன்று. ஒரு துறையில் 1000 கருதுகோள்கள் சோதிக்கப்படுவதாகவும், அவற்றுள் 100இல் மட்டுமே உண்மையான வேறுபாடு இருப்பதாகவும் கொள்வோம். உள்ள வேறுபாட்டைக் கண்டறியும் திறன் 80 விழுக்காடு எனின் 80 மெய்யான வேறுபாடுகள் பிடிபடும். வேறுபாடில்லாத 900இல் 0.05 எல்லையின் காரணமாக 45 பொய்யாகப் பிடிபடும். ‘குறிப்பிடத்தக்கவை’ என்று அறிவிக்கப்படும் 125 முடிவுகளுள் 45, அதாவது 36 விழுக்காடு, பிழையானவை. 0.05 என்று எழுதியிருப்பதால் தவறும் வாய்ப்பு நூற்றில் ஐந்து மட்டுமே என நம்பியவர், தாம் நம்பியதைப் போல ஏழு மடங்கு பிழையோடு நிற்கிறார்.

0.05 என்னும் எண்ணுக்கும் புனிதம் ஏதும் இல்லை. ஃபிஷர் 1925ஆம் ஆண்டு நூலில் அதை வசதியான எல்லையாகவே முன்மொழிந்தார். 1956ஆம் ஆண்டில், எல்லாச் சூழலிலும் ஒரே எல்லையைக் கொண்டு கருதுகோள்களை மறுக்கும் அறிவியலாளர் எவரும் இலர் என்னும் கருத்துப்பட அவரே எழுதினார். இன்மைக் கருதுகோளை ‘ஏற்பது’, ‘மறுப்பது’ என்னும் முடிவெடுப்பு முறை ஜெர்சி நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933இல் வகுத்த வேறொரு கோட்பாட்டைச் சார்ந்தது. அதில் இருவகைப் பிழைகளின் அளவும் ஆய்வுக்கு முன்பே எடைபோடப்பட வேண்டும். நம் ஆய்வேடுகளோ ஃபிஷரின் பி-மதிப்பை எடுத்துக்கொண்டு, நெய்மன்–பியர்சனின் தீர்ப்பு மொழியில் பேசி, இரண்டாம் வகைப் பிழையைப் பற்றி வாய்திறவாமல் முடிகின்றன.

2. மறுக்கப்படாமையும் மெய்ம்மையும்

திருத்தணி வட்டாரப் பள்ளிகளைக் களமாகக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டைக் கட்டமைப்போம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காகப் புனையப்பட்டவை. எந்த ஆய்விலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. வீட்டுமொழி தெலுங்காக உள்ள 30 மாணவர். தமிழாக உள்ள 30 மாணவர். 100 மதிப்பெண் கொண்ட தமிழெழுத்துத் தேர்வில் முதற்குழுவின் சராசரி 58; இரண்டாவதன் சராசரி 64; இரு குழுவிலும் திட்ட விலக்கம் 15. வேறுபாடு 6 மதிப்பெண். அதன் திட்டப் பிழை ஏறத்தாழ 3.87, டி-மதிப்பு 1.55; பி-மதிப்பு ஏறத்தாழ 0.13.

வாய்பாடு இங்கே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று கூறும். அடுத்த பத்தியில் ‘குறிப்பிடத்தக்க’ என்னும் அடை உதிரும். ‘இரு குழுவினருக்கும் இடையே வேறுபாடு இல்லை’ என்றாகும். பரிந்துரைகள் பகுதியில் அது ‘வீட்டுமொழி தமிழ்த் திறனைப் பாதிப்பதில்லை; எனவே தனிப் பயிற்சி தேவையில்லை’ என்று வளரும். மூன்று படிகளில் ஒரு அறியாமை அறிவாக மாறிவிடுகிறது.

இதே தரவிலிருந்து 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியைக் கணித்தால் நிலைமை தெளிவாகும். அது ஏறத்தாழ −1.8 முதல் 13.8 வரை விரிகிறது. அதாவது, தெலுங்கு வீட்டுமொழி மாணவர் ஏறத்தாழ 2 மதிப்பெண் முன்னிற்பதும், 14 மதிப்பெண் பின்தங்குவதும் ஆகிய இரண்டுமே இத்தரவோடு பொருந்தக் கூடியவை. பின்தங்கல் 14 மதிப்பெண் எனின் அது தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடையிலான தொலைவு. அதை விலக்க இயலாத ஓர் ஆய்வு ‘வேறுபாடு இல்லை’ என்று சொல்ல உரிமையற்றது. ‘இச்சிறு மாதிரியால் தீர்மானிக்க இயலவில்லை’ என்பதே அது சொல்லத் தக்கது.

சோதனையின் திறனையும் கணக்கிடலாம். மெய்யான வேறுபாடு 6 மதிப்பெண்ணாகவே இருந்தாலும், குழுவுக்கு 30 பேரைக் கொண்ட ஆய்வு அதை 0.05 எல்லையில் கண்டறியும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். மூன்று ஆய்வாளர் இதே ஆய்வை மூன்று பள்ளிகளில் செய்தால், அவர்களுள் இருவர் ‘இல்லை’ என்றும் ஒருவர் ‘உண்டு’ என்றும் எழுதுவது எதிர்பார்க்கத் தக்கதே. பின்னர் வருபவர் முன்னாய்வுகளை மீள்பார்வை செய்து, ‘இத்துறையில் முரண்பட்ட முடிவுகள் காணப்படுகின்றன’ என்று எழுதுவார். முரண் களத்தில் இல்லை. திறன் குறைந்த சோதனையிலும் அதைப் படித்த முறையிலும் இருக்கிறது. முன்னர்க் கண்ட 1000 கருதுகோள் கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மாற்றாக இம்மூன்றில் ஒரு பங்குத் திறனை இட்டால், மெய்யாகப் பிடிபடுபவை 33. பொய்யாகப் பிடிபடுபவை அதே 45. அறிவிக்கப்படும் வேறுபாடுகளில் பாதிக்கு மேல் பொய்யானவை.

3. எண்ணிக்கை செய்யும் மாயம்

அதே சராசரிகள், அதே திட்ட விலக்கம். குழுவுக்கு 30 என்பதை மட்டும் 120 ஆக்குவோம். வேறுபாடு அதே 6 மதிப்பெண். திட்டப் பிழை 1.94 ஆகக் குறைகிறது, டி-மதிப்பு 3.1, பி-மதிப்பு ஏறத்தாழ 0.002. வாய்பாடு இப்போது ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ என்கிறது. மாணவரின் தமிழில் எம்மாற்றமும் நிகழவில்லை. ஆய்வாளரின் உழைப்பு மட்டுமே கூடியிருக்கிறது.

இன்னும் மேலே சென்று, குழுவுக்கு 5000 பேர் கொண்ட மாவட்ட அளவிலான தரவைக் கொள்வோம். வேறுபாடு வெறும் 1 மதிப்பெண் எனினும் பி-மதிப்பு 0.001க்கும் கீழ் இறங்கிவிடும். நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வேறுபாட்டைக் கொண்டு எந்த ஆசிரியரும் தம் பாடத்திட்டத்தை மாற்றமாட்டார். ஆனால் ‘0.001 மட்டத்தில் மிகவும் குறிப்பிடத்தக்கது’ என்னும் தொடர் அவ்வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். முன்னர் 6 மதிப்பெண் ‘இல்லை’ ஆயிற்று. இப்போது 1 மதிப்பெண் ‘மிகவும் உண்டு’ ஆகிறது. ஒரு வேறுபாட்டின் பருமனையும் அதை அறிந்த துல்லியத்தையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால் நேர்வது இது.

இலக்கியத் தரவுகளை எண்ணிக்கை முறையில் ஆய்வோர்க்கு இது மேலும் பொருந்தும். சொற்கள் ஒரு பனுவலில் தற்செயலாகச் சிதறிக் கிடப்பவை அல்ல. எனவே ‘இவ்விரு நூல்களின் சொல்லாட்சி ஒன்றே’ என்னும் இன்மைக் கருதுகோள் தொடக்கத்திலேயே பொய். போதிய சொற்கள் கொண்ட தரவகம் கிடைத்தால் அது எப்போதும் மறுக்கப்படும். மொழி ஒருபோதும் தற்செயலானதன்று என்பதை ஆடம் கில்காரிஃப் 2005ஆம் ஆண்டுக் கட்டுரையில் வலியுறுத்தியது இக்காரணம் பற்றியே. கை-வர்க்கச் சோதனையில் மிகச் சிறிய பி-மதிப்பு கிடைத்ததைக் கொண்டு இரு நூல்களுக்கும் ஆசிரியர் வேறு என்று முடிவு செய்வது, எடைபோடாமலே தராசின் ஓசையைக் கொண்டு விலை சொல்வதற்கு நிகர்.

ஒரே தரவில் பல சோதனைகள் செய்வதும் இத்தோடு சேர்ந்தது. பால், வாழிடம், பெற்றோர் கல்வி, பெற்றோர் தொழில், குடும்ப வகை எனப் பத்துப் பின்னணி மாறிகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை நடத்துவது நம் ஆய்வேடுகளின் இயல்பு. எதிலும் உண்மை வேறுபாடு இல்லை, சோதனைகள் ஒன்றையொன்று சாரவில்லை என்று கொண்டாலும், ஒன்றேனும் 0.05க்குக் கீழ் வரும் வாய்ப்பு 40 விழுக்காடு. மாறிகள் இருபது எனின் 64 விழுக்காடு. முடிவுரையில் இடம்பெறும் ஒரு ‘கண்டுபிடிப்பு’ இவ்வாறு பிறந்ததாக இருக்கலாம்.

4. வகுப்பறை என்னும் கொத்து

குழுவுக்கு 120 பேர் கொண்ட எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். அங்கே பி-மதிப்பு 0.002 என்று கண்டோம். அக்கணிப்பில் ஒரு எடுகோள் மறைந்திருந்தது: 240 மாணவரும் ஒருவரையொருவர் சாராத, சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் என்பது. எல்லைப்புறக் களத்தில் நடப்பது வேறு. ஆய்வாளர் பேருந்து செல்லும் எட்டுப் பள்ளிகளுக்குச் சென்று, தலைமையாசிரியர் இசைவு பெற்று, ஒவ்வொரு பள்ளியிலும் 30 பேர் கொண்ட ஒரு வகுப்பை அப்படியே எடுத்துக்கொள்வார். ஊர்வாரியாக மொழி திரண்டிருப்பதால் நான்கு வகுப்புகளில் ஏறக்குறைய அனைவரும் தெலுங்கு வீட்டினராகவும் நான்கில் தமிழ் வீட்டினராகவும் அமையலாம்.

ஒரே வகுப்பில் பயில்வோர் ஒரே ஆசிரியரிடம் கற்றவர். ஒரே நூலகத்தைப் பயன்படுத்துபவர். ஒரே ஆசிரியர் பணியிடக் காலியால் ஒருசேரப் பாதிக்கப்பட்டவர். அவர்களின் மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இவ்வொப்புமையை அளக்கும் உட்கொத்துத் தொடர்புக்கெழு 0.1 என்ற மிதமான அளவில் இருந்தாலே, 30 பேர் கொண்ட கொத்தில் மாறுபாட்டளவை 3.9 மடங்கு பெருகும். 240 பேர் கொண்ட மாதிரி, சாரா மாணவர் ஏறத்தாழ 62 பேருக்குச் சமமாகச் சுருங்கும். அதாவது, நாம் தொடங்கிய குழுவுக்கு 30 என்னும் நிலைக்கே திரும்புகிறோம். பி-மதிப்பு 0.002 என்பது கலைந்து 0.05 எல்லைக்கு மேலே ஏறிவிடும்.

எட்டு வகுப்பு எனில் எட்டு ஆசிரியர். அங்கே காணப்பட்ட வேறுபாடு வீட்டுமொழியால் வந்ததா, அவ்வூர்ப் பள்ளியில் தமிழாசிரியர் இருந்தாரா இல்லையா என்பதால் வந்ததா என்பதைப் பி-மதிப்பு பிரித்துச் சொல்லாது. இன்மைக் கருதுகோள் மறுக்கப்பட்டது என்பதனாலேயே ஆய்வாளர் மனத்தில் இருந்த காரணம் நிறுவப்பட்டதாகாது. தமிழாசிரியர் இல்லாத குறையைத் தெலுங்கு பேசும் தாயின் மேல் ஏற்றிவிடும் ஆய்வு, எண்ணளவில் சரியாகவும் அறத்தளவில் தவறாகவும் அமையும்.

5. முழுக் கணக்கெடுப்பும் எல்லைக் கோடும்

திருத்தணியின் வரலாறு நான்காவது பிழையை விளக்க ஏற்ற இடம். எல்லை வழக்கில் கிராமத்தை அலகாகக் கொள்ளுதல், நிலத்தொடர்ச்சி, மொழிப் பெரும்பான்மை ஆகியன அடிப்படைகளாகக் கொள்ளப்பட்டன. அக்காலத்தில் கைவசமிருந்த அண்மைக் கணக்கெடுப்பு 1951ஆம் ஆண்டினது. அதில் தாய்மொழி குறித்தும் இரண்டாம் மொழி குறித்தும் வினாக்கள் இருந்தன. இவ்வரலாற்றை இன்று புள்ளியியல் முறையில் மீளாய்வு செய்யப் புகும் ஓர் ஆய்வாளர், கிராமவாரி எண்ணிக்கைகளை எடுத்துக் கை-வர்க்கச் சோதனை நடத்துவது எளிதில் நிகழக்கூடியது. அவ்வாறு செய்தால் என்ன கிடைக்கும்?

1000 பேர் கொண்ட ஓர் ஊரைப் புனைந்துகொள்வோம். 520 பேர் தமிழைத் தாய்மொழியாகவும் 480 பேர் தெலுங்கைத் தாய்மொழியாகவும் பதிந்துள்ளனர். இரண்டும் சமம் என்னும் இன்மைக் கருதுகோளைச் சோதித்தால் பி-மதிப்பு ஏறத்தாழ 0.21. ‘மொழிப் பெரும்பான்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று வாய்பாடு கூறும். ஆனால் அவ்வூரில் எண்ணப்படாதவர் எவரும் இலர். 520 என்பது 480ஐ விட 40 மிகுதி. மாதிரியே இல்லாத இடத்தில் மாதிரிப் பிழைக்கு இடமில்லை. மாறாக, ஒரு இலட்சம் பேர் கொண்ட வட்டத்தில் இதே 52 விழுக்காடு, அதாவது 52,000 பேர், தமிழர் எனின் பி-மதிப்பு எண்ணிப் பார்க்க இயலாத சிறுமையை அடையும். விகிதம் ஒன்றே, தீர்ப்பு எதிரெதிர். அலகு கிராமமா, வட்டமா என்பதே எல்லை வழக்கின் உயிரான வினாவாக இருந்தது. பி-மதிப்பு அவ்வினாவை விடுவிப்பதில்லை. அலகைத் தேர்ந்தவரின் முடிவை அறிவியலின் குரலில் திருப்பிச் சொல்கிறது, அவ்வளவே.

முழு எண்ணிக்கையையும், நிகழ்ந்திருக்கக்கூடிய பல எண்ணிக்கைகளுள் ஒன்றாகக் கருதிச் சோதனை செய்யலாம் என்று வாதிடும் புள்ளியியலர் உளர். அவ்வாதம் சில சூழல்களில் ஏற்புடையதே. ஆயின் அப்படிக் கொள்பவர், அத்தற்செயல் எவ்வழியில் இயங்குகிறது என்பதை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். ஓர் ஊரில் ஒருவர் தமிழர் என்பதும் அவர் தம்பி தமிழர் என்பதும் இரு தனித்தனி நாணயச் சுண்டல்கள் அல்ல.

இனி, உண்மையான ஐயப்பாடு எங்கிருந்தது? வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றுமாக இரு மொழியையும் சரளமாகப் பேசும் ஒரு குடும்பத்தின் தாய்மொழிக் கட்டத்தில் எது எழுதப்பட்டது என்பதில் இருந்தது. நம் புனைவூரில் 21 பேரின் பதிவு தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறினால் போதும். 499க்கு 501 என்று பெரும்பான்மை புரண்டுவிடும். மூன்று நான்கு கூட்டுக் குடும்பங்கள் அதற்குப் போதுமானவை. வினா கேட்டவர் யார், எம்மொழியில் கேட்டார், விடை சொன்னவர் என்ன எதிர்பார்ப்போடு சொன்னார் என்பவையே அங்கு எடைபோட வேண்டியவை. இவற்றுள் எதையும் பி-மதிப்பு காணாது.

காணும் வழிகள் இந்தியப் புள்ளியியல் மரபிலேயே இருந்தன. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணற் பரப்பை மதிப்பிடும் பணியில், ஒரே பகுதியின் மாதிரியை ஊடுபாவும் துணை மாதிரிகளாகப் பிரித்து வெவ்வேறு களப்பணியாளர் குழுவினரிடம் ஒப்படைத்தார். இரு குழுவின் விடைகளும் விலகினால், விலகல் எண்ணியவரிடமிருந்து வந்திருக்கக் கூடும் என்பது தெரியவரும். மாதிரிப் பிழையை மட்டுமன்றி மனிதப் பிழையையும் அளக்க வேண்டும் என்னும் அவ்வுணர்வு நம் மரபில் முன்பே இருந்தது. நாம் எடுத்துக்கொண்டதோ அட்டவணையின் கடைசிப் பத்தியில் இருக்கும் பி-மதிப்பை மட்டும்.

6. சொல்லால் வந்த பிழை

மேற்கூறிய பிழைகள் உலகெங்கும் உள்ளவை. அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2016இல் பி-மதிப்பு பற்றிய ஆறு நெறிகளை வெளியிட நேர்ந்ததே இதற்குச் சான்று. கருதுகோள் மெய்யாவதற்கான நிகழ்தகவைப் பி-மதிப்பு அளப்பதில்லை என்பதும், விளைவின் பருமனை அது காட்டுவதில்லை என்பதும் அவற்றுள் அடங்கும். 2019இல் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆய்வாளர் கையொப்பமிட்டு, ‘உண்டு–இல்லை’ எனப் பிரிக்கும் வழக்கைக் கைவிடுமாறு ‘நேச்சர்’ இதழில் வேண்டினர். எனினும் தமிழில் இப்பிழைக்குத் தனியொரு வாயிலும் உண்டு, அது கலைச்சொல்.

எட்ஜ்வொர்த் 1885இல் கையாண்ட ஆங்கிலச் சொல், ஒன்று தற்செயலன்றி வேறொன்றின் அறிகுறியாக நிற்பதையே சுட்டியது. காலப்போக்கில் அம்மொழியின் அன்றாட வழக்கில் ‘பெரிய’, ‘முதன்மையான’ என்னும் பொருள் அதில் மேலோங்கியது. நாம் மொழிபெயர்த்தபோது அறிகுறிப் பொருளை விட்டு அன்றாடப் பொருளை எடுத்துக்கொண்டோம். ‘முக்கியத்துவ மட்டம்’ என்றோம். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்றோம். தமிழில் ‘குறிப்பிடத்தக்க மழை’ என்றால் நல்ல மழை. ‘குறிப்பிடத்தக்க கவிஞர்’ என்றால் சிறந்த கவிஞர். ஆகவே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்று படிக்கும் ஆசிரியரோ அலுவலரோ ‘பெரிய வேறுபாடு’ என்று கொள்வது அவர் பிழையன்று; நம் சொல் அவருக்குச் சொன்னது அதுதான்.

‘பொருளுண்மை’, ‘மிகைகாண் நிலை’ முதலிய ஆக்கங்கள் அன்றாடப் பொருளிலிருந்து விலகி நிற்பதால் ஓரளவு மேம்பட்டவை. ஆயினும் அவையும் ‘உண்மை’, ‘மிகை’ என்னும் சொற்களைத் தம்முள் கொண்டு படிப்போரை அதே பக்கம் சாய்க்கின்றன. ஒற்றைச் சொல்லைத் தேடுவதைக் காட்டிலும் தொடரால் விளக்குவதே இப்போதைக்குத் தக்கது. ‘இத்தரவு, வேறுபாடின்மை என்னும் எடுகோளோடு எளிதில் பொருந்தவில்லை’ என்றும், ‘இத்தரவால் வேறுபாடின்மையை விலக்க இயலவில்லை’ என்றும் எழுதலாம். தொடர் நீளும், பொருள் நேராகும்.

7. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

எல்லையை அகற்றிவிட்டால் ஆய்வாளர் தம் மனம்போல முடிவு கூறுவர், 0.05 என்பது குறையுடையதாயினும் ஒரு கட்டுப்பாடு என்று வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. தொழிற்கூடத் தரக் கட்டுப்பாட்டிலும் மருந்துச் சோதனையிலும் ஏதேனும் ஒரு கட்டத்தில் ஏற்பதோ தள்ளுவதோ செய்தாக வேண்டும். ஆனால் அங்கெல்லாம் எல்லையும் மாதிரி அளவும் சோதனைக்கு முன்பே, இருவகைப் பிழையின் விளைவுகளையும் எண்ணித் தீர்மானிக்கப்படுகின்றன. எல்லைப்புறப் பள்ளி மாணவருக்குத் தேவையற்ற ஒரு பயிற்சி வகுப்பை நடத்துவதால் வரும் இழப்பும், தேவையான வகுப்பை மறுப்பதால் வரும் இழப்பும் சமமல்ல. இரண்டையும் எண்ணாமல் 0.05ஐ எடுத்துக்கொள்வது கட்டுப்பாடு அன்று, பழக்கம்.

புதிய முறைகளுக்கு நம் ஆய்வு மாணவரிடம் பயிற்சி இல்லை என்பது மற்றொரு மறுப்பு. நம்பிக்கை இடைவெளியைக் கணிக்க டி-சோதனைக்குத் தேவையான அதே மூன்று எண்களே போதும்: சராசரி, திட்ட விலக்கம், எண்ணிக்கை. புதிய மென்பொருள் வேண்டியதில்லை. அட்டவணையில் ஒரு நிரலைக் கூட்டினால் போதும். மாதிரி எவ்வாறு எடுக்கப்பட்டது, எத்தனை வகுப்புகள், எத்தனை சோதனைகள் நடத்தப்பட்டன, அவற்றுள் எத்தனை அறிக்கையில் இடம்பெறவில்லை என்று நான்கு வரி எழுதுவதற்கும் பயிற்சி தடையன்று. இவற்றைக் கேட்டுப் பெறும் கடமை நெறியாளருக்கும், ஆய்விதழ் மதிப்பீட்டாளருக்கும் உண்டு. ‘வேறுபாடு காணப்படவில்லை’ என்பதற்காகக் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் மதிப்பீட்டாளர், அடுத்த முறை வேறுபாடு கிடைக்கும்வரை மாறிகளைப் பெருக்குமாறு ஆய்வாளருக்குக் கற்பிக்கிறார்.

முடிவுரை

பி-மதிப்பு தன்னளவில் பிழையான கருவி அன்று. சமவாய்ப்பில் எடுத்த மாதிரியில், முன்கூட்டியே வகுத்த ஒரு வினாவுக்கு, தற்செயல் மட்டுமே இத்தரவை ஈந்திருக்கக் கூடுமா என்று ஐயுறுவதற்கு அது உதவும். அதற்கு அப்பால் வேறுபாட்டின் பருமன், அதன் காரணம், அதன் பயன், அளவீட்டின் நம்பகம் ஆகிய எதையும் அது அறியாது. மறுக்க இயலாமையை ஏற்பாகவும், ஏற்பை இன்மையாகவும் மாற்றும் நம் வாய்பாடு, கருவியின் மேல் அது சுமக்க இயலாத சுமையை ஏற்றுகிறது.

திருத்தணி வட்டாரத்தின் எல்லை ஒருகாலத்தில் ஊர்தோறும் எண்ணப்பட்ட எண்களால் விவாதிக்கப்பட்டது. அங்கு வாழ்வோர் அவ்வெண்களின் இருபுறமும் உறவு கொண்டிருந்தனர். இன்றும் அங்கே ஓர் ஆய்வு நிகழுமாயின், அதன் முடிவு வரி ஒரு தெலுங்கு வீட்டுக் குழந்தைக்குத் தமிழில் கைகொடுக்கவும் கூடும், கைவிடவும் கூடும். 60 மாணவரிடம் பெற்ற தரவைக் கொண்டு ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுமுன், −1.8 முதல் 13.8 வரை விரிந்து கிடக்கும் அந்த இடைவெளியை ஆய்வாளர் ஒருமுறை எழுதிப் பார்த்தல் வேண்டும். அதை எழுதியபின் அத்தொடரை எழுத அவர் கை கூசும்.